அவனைப் பேசிப்போட்டன்

பிப். 17, செவ்வாய். கிளிநொச்சி.

காலையில் பனி. ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். இடுப்பு போச்சு.

ஸ்டேஷனில் குணரட்ணம் சேர். (இங்கே சார் கிடையாது, சேர். இனி கு.) ஓய்வுபெற்ற ஆசிரியர். வாசகர் வட்டம் நடத்துகிறவர். மூன்று வருடமாக விடாமல் கடிதம் போட்டு என்னை மதுரையிலிருந்து இங்கே இழுத்தவர். நினைத்ததைவிடக் குள்ளம். பெட்டியைத் தொட விடவில்லை. "ஆறுதலா வாங்கோ மேடம், ஆறுதலா" என்றார். யார் செத்துப்போனது, எனக்கு எதற்கு ஆறுதல் என்று ஒரு நொடி திக்கென்றது. மெதுவாக வாருங்கள் என்று அர்த்தமாம். ஆட்டோக்காரர் வரை சிரித்தார்கள்.

வழியெல்லாம் நெல். அறுவடை முடிந்து தார்ச்சாலையில் பாதியை அடைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள். வண்டிகளெல்லாம் மிச்சப் பாதியில்.

கு. வீட்டு முன் அறை எனக்கு. அவர் மனைவி தவமணி அக்கா. என்னைவிட இரண்டு வயது இளையவர்தான். ஊரே அக்கா என்கிறது, நானும்.

வந்த வேலை: வாசகசாலை மண்டபத்தில் நான்கு நாள் சினிமா ரசனை வகுப்பு. சனிக்கிழமை நிறைவு. அன்று மாலை, போர் முடிந்தபின் முகாமில் எடுத்த அந்த இருபத்திரண்டு நிமிட ஆவணப்படத்தைத் திரையிட்டு, படத்தில் வருகிற அம்மாவையே தர்மபுரத்திலிருந்து அழைத்து வந்து, அவர் முன்னால் படத்தைப் பற்றிய என் கட்டுரையை வாசிப்பதாக ஏற்பாடு. கு.வின் யோசனை. "அவாவுக்கும் அது ஒரு மரியாதைதானே மேடம்" என்றார். பதினைந்து வருடத்துக்கு முன் எழுதிய கட்டுரை. எனக்குப் பேராசிரியை வேலை, விருது, மேடை எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

சென்னையிலிருந்து சேகரன் போன். என் பதிப்பாளர். புத்தகம் இரண்டாம் பதிப்பு. அந்தக் கட்டுரைதான் முதலில். "சனிக்கிழமை மதியம் மெஷின்ல ஏத்துறோம் மேடம். திருத்தம் எதாவது இருந்தா அதுக்குள்ள சொல்லிடுங்க." என் எழுத்தில் என்னய்யா திருத்தம் என்றேன். சிரித்தான்.

பயப்பட்டியல் (விமானத்தில் தொடங்கியது):
– கொசு.
– பாம்பு. கக்கூஸ் வெளியே, வாழைக்கு அந்தப் பக்கம்.
– சீருடை. சாலையில் யாரையாவது பார்த்தாலே கை தானாகப் பாஸ்போர்ட்டைத் தேடுகிறது. ஒரு தப்பும் செய்யாமலேயே.
– வகுப்பில் யாராவது எழுந்து, "அந்த நேரம் நீங்கள் எல்லாம் எங்கே இருந்தீர்கள்" என்று கேட்பது. பதில் தயாரித்து வைத்திருக்கிறேன். கேவலமான பதில்.
– அந்த அம்மா.

கடைசி ஏன் பட்டியலில் வந்தது என்று தெரியவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பட்டியலிலிருந்து அடித்துவிடவும் மனமில்லை.

சாயங்காலம் கரண்ட் போய்விட்டது, மோட்டார் ஓடவில்லை. நானே இறைக்கிறேன் என்று கிணற்றடியில் வீம்பு. முடிச்சு நழுவி வாளி தொபுக்கென்று உள்ளே. "ஐயோ, வாளியை விட்டிட்டியளே!" என்று தவமணி அக்கா ஓடிவந்து, பாதாளக் கரண்டியைக் கட்டி இறக்கி, ஐந்து நிமிடத்தில் கொக்கி போட்டு மீட்டுவிட்டார். அதுவரை வெறுங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறுபத்தொரு வயசு. வெட்கக்கேடு.

பிப். 18, புதன்.

பனி. மயில் கத்தல். தூக்கமில்லை. காலைச் சாப்பாடு புட்டு, சம்பல். காரம் உச்சியில் ஏறியது.

முதல் வகுப்பு. பதினான்கு பேர். ஒரு ஆங்கில ஆசிரியை, ஒரு தபால்காரர், கல்யாண வீடியோ எடுக்கிற இருவர், மிச்சம் எல்லாம் படிக்கிற பிள்ளைகள். அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. பாயசம் மாதிரி டீ கொடுத்தார்கள்.

வழக்கம்போல என் கதையிலிருந்து தொடங்கினேன். எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவர்தான் சினிமாக் கொட்டகையின் பின்சுவர். அப்பா கண்டிப்பு. படம் பார்த்தால் காலை ஒடிப்பார். அதனால் இருபத்திரண்டு வயது வரைக்கும் ஒரு படமும் பார்த்ததில்லை, எல்லாப் படத்தையும் கேட்டிருக்கிறேன். சுவரில் காதை ஒட்டி. கதவு கிறீச்சிடுகிற சத்தத்தை வைத்தே எத்தனையாவது ரீல் என்று சொல்வேன். முதன்முதலில் ஒரு சிற்றிதழுக்குப் போட்ட கடிதமே சண்டைக் கடிதம்தான்: "உங்கள் விமர்சகர் எழுதியிருப்பது போல் அந்த வசனம் இல்லை." அவர்கள் படத்தைத் திரும்பப் பார்த்துவிட்டு என்னையே எழுதச் சொன்னார்கள். அப்புறம் நாற்பது வருடம். டைரக்டர்கள் எனக்கு வைத்த பெயர் காதுக்காரி. நாற்பத்து மூன்றில் முனைவர் பட்டம், சினிமாவில் குரல் பற்றி. புத்தகத்தின் பெயர் 'சுவருக்கு இந்தப் பக்கம்'.

பிள்ளைகள் நன்றாகக் கேட்கிறார்கள். நடுவரிசையில் ஒரு பெண், பெயர் யாழினி, இருபது வயது, கண்ணை எடுக்கவே இல்லை. இடைவேளையில் கு. அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "மேடம், இவள் ஆர் எண்டு சொல்லுங்கோ பாப்பம்." தெரியவில்லை. "படத்தில அம்மாவின்ர மடிக்குப் பக்கத்தில ஒரு சின்னப்பிள்ளை மண் அளையுமே, அது இவள்தான்."

அந்த அம்மாவின் மகள். அழுதுவிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்தப் படத்தை நூறு தடவை பார்த்திருப்பேன். முகாமில் ஒரு கூடாரத்து வாசல். ஒரு அம்மா. மடியில் ஒரு கயிற்றுச் சுருள். பக்கத்தில் மண் அளைகிற குழந்தை. மகனைப் பற்றிச் சொல்கிறார். பதினேழு வயது மகன், வழியில் காணாமல் போனவன். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

பிறகு வகுப்பில் என் வரிகளைப் புத்தகம் பார்க்காமல் சொன்னேன்: "'கடைசியாக நான் அவனோடு பேசிவிட்டேன்' என்கிறாள். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு தாய் தன் துக்கத்தை முடித்துவைக்கிறாள். விடைபெறக் கிடைத்தவளின் அமைதி அது. மடியில் இருக்கும் கயிறு, அறுந்த பின்னும் அவள் சுற்றிப் பத்திரப்படுத்தும் தொப்புள்கொடி."

மண்டபம் கப்சிப். யாழினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

கொசு பரவாயில்லை. பாம்பு இன்னும் இல்லை. அப்படியிருந்தும் நெஞ்சில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

பிப். 19, வியாழன்.

எப்படி எழுதுவது.  வரிசையாக எழுதுகிறேன்.

மதியம் மூன்றரை. வகுப்பு நீண்டுவிட்டது. யாழினி பையை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தாள். "மிஸ், நேரம் போட்டுது. பஸ்ஸை விட்டால் அம்மா பேசுவா."

நான் பெரிய தமாஷ்காரி. "பேசட்டுமே! அம்மா பேசினா நல்லதுதானே? பேசாமல் இருந்தாத்தான் பிரச்சனை" என்றேன்.

கொல்லென்று சிரிப்பு. தபால்காரர் மேசையைத் தட்டிச் சிரிக்கிறார். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல். கு. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மேடம், இஞ்சை பேசுறது எண்டா ஏசுறது. நீங்கள் பேசுறது எண்டு சொல்லுறதை நாங்கள் கதைக்கிறது எண்டுதான் சொல்லுவம். அம்மா பேசுவா எண்டா, அம்மா திட்டுவா" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். பாதிச் சிரிப்பில் என் வரி ஞாபகத்துக்கு வந்தது.

அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். புத்தகம். பக்கம் 9.

அந்தப் படம் சி.டி.யில் வந்தபோது கூடவே தட்டச்சுத் தாளும் வந்தது. படம் எடுத்த பையன் அம்மா சொன்னதை அப்படியே அடித்து அனுப்பியிருந்தான். நன்றாக ஞாபகம் இருக்கிறது: "கடைசியா நான் அவனைப் பேசிப்போட்டன்." அவனை. ஐகாரம். தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன். அவனை எப்படிப் பேச முடியும், அவனோடு அல்லவா பேசுவார்கள்? சிவப்பு மையால் 'ஐ'யை அடித்து 'ஓடு' என்று போட்டேன். எவ்வளவு சுலபமாக. படத்தில் ஒலி மோசம், காற்று இரைச்சல். திரும்பக் கேட்டபோது எனக்கு 'அவனோட' என்றே கேட்டது. இந்தக் காதுக்கு.

கடைசியாக நான் அவனைத் திட்டிவிட்டேன். அவர் சொன்னது அவ்வளவுதான்.

விடைபெறக் கிடைத்தவளின் அமைதியாம்.

அந்த வரி இருக்கிற இடங்கள், நினைவுக்கு வந்தவரை:
– புத்தகத்தின் பின்னட்டை
– விருதுப் பத்திரம்
– கல்லூரிப் பாடம் (பிள்ளைகள் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுகிறார்கள்)
– என் மாணவிகள் இரண்டு பேரின் ஆய்வேடு
– அறுபதாவது பிறந்தநாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தந்தது. என் வீட்டு ஹாலில் தொங்குகிறது.
– சனிக்கிழமை மதியம் ஏறப்போகிற மெஷின்

நேற்று வகுப்பே கப்சிப் ஆனது. யாழினி தரையைப் பார்த்தது. அடப் பாவி. அவர்கள் எல்லாருக்கும் தெரியும். பதினான்கு பேருக்கும்.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டேன்.

பிப். 20, வெள்ளி.

மூட்டம். தூறல் வரும் போல. காயப்போட்ட நெல்லை ஓடி ஓடி அள்ளுகிறார்கள்.

விடியும் முன்பே முழிப்பு. பயம். கல்லூரியில் வைவாவுக்கு நின்றபோதுகூட இப்படி இல்லை. எதற்குப் பயம் என்று என்னையே கேட்டேன், வகுப்பில் கேட்கிற மாதிரி. பேர் கெட்டுவிடும் என்றா? ஆமாம். அதுதான் முதல் பயம், பொய் சொல்லக் கூடாது. காதுக்காரிக்குக் காது கேட்காது என்று ஊர் சிரிக்கும். அந்த டைரக்டர்கள் எல்லாம் கூட்டம் போட்டுச் சிரிப்பார்கள்.

இரண்டாவது பயம், நாளை. அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நீ நிம்மதியாக விடைபெற்றாய், உன் துக்கம் முடிந்துவிட்டது என்று அவர் முகத்துக்கு நேரே மைக்கில் வாசிப்போம். வாசிக்கப் போவது யாழினி.

டீ குடிக்கும்போது கு.விடம் ஆரம்பித்தேன். "சேர், அந்த வரி… ஒன்பதாம் பக்கம்…"  அவர் கையமர்த்தினார்.

"சொல்ல வேண்டாம் மேடம். எனக்கு விளங்கும். முதல் வாசிக்கேக்கை நானும் யோசிச்சனான், பிழை விட்டிட்டாவோ எண்டு. பிறகுதான் பிடிபட்டது. உங்களைப் போல ஒரு ஆள் உதிலை பிழை விடுவாவோ? தெரிஞ்சுதான் மாத்தி எழுதியிருக்கிறியள். அந்தத் தாய்க்கு ஒரு ஆறுதலுக்கு. இஞ்சை எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கிறன். பெரிய மனசு உங்களுக்கு."

இந்த முறை ஆறுதலுக்கு என் ஊர் அர்த்தமேதான்.

இல்லை சேர், எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது. "ம்" என்றேன். ஒற்றை எழுத்து. அவர் கண் கலங்கி எழுந்து போனார்.

அரைமணி நேரம் என்ன நிம்மதி! அப்பாடா. தப்பித்தேன். பெரிய மனசுக்காரி. அதற்குமேல் நிம்மதி நிற்கவில்லை. புட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

சேகரன் போன். "நாளைக்குப் பன்னண்டு மணி. ஓகேதானே மேடம்?" ஓகே சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை என்றேன். சிக்னல் கணீரென்று இருந்தது.

வகுப்பை எப்படியோ ஒப்பேற்றினேன். யாழினி கடைசியில் மேசையருகே வந்தாள். நாளைக்கு அவள் வாசிக்க வேண்டிய தாள் கையில். நாலாக மடித்து, ஓரம் நைந்து.

"மிஸ், இதை நான்தான் வாசிக்கவேணுமோ?"

"ஏம்மா?"

"அம்மாவுக்கு இதிலை என்ன எழுதியிருக்கெண்டு தெரியாது. கேட்டுக்கேட்டுப் பாத்தவா, நான் சொல்லேல்லை." தாளைத் திரும்ப மடித்தாள். "சேர் சொன்னவர், அம்மாவுக்காகத்தான் மாத்தி எழுதினனீங்களாம். அது… நல்லதுதான் மிஸ்."

அவள் முகத்தில் நல்லது எதுவும் இல்லை. நான் அவள் தோளைத் தட்டினேன். தட்டிய கையை வெட்டிப் போட வேண்டும்.

முடிவு: வயிற்றுவலி. தவமணி அக்காவிடம் சொல்லியாயிற்று. சம்பல் ஒத்துக்கொள்ளவில்லை, நாளை எழுந்திருக்க முடியாது போல என்று. கு. பதறிப்போய் மாத்திரை வாங்க சைக்கிளில் கிளம்பினார். படத்தை மட்டும் போட்டுக்கொள்ளட்டும். கட்டுரை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஞாயிறு ரயில். திங்கள் மதுரை. அப்புறம் யாருக்கு என்ன தெரியப் போகிறது.

என்னைவிட நடிக்கத் தெரிந்தவர்களை எல்லாம் மிகை நடிப்பு என்று எழுதியிருக்கிறேன்.

பிப். 21, சனி. பிற்பகல்.

வெயில். நடந்ததை நடந்த வரிசையில்.

ஒன்பதரை மணி. கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு, வராத வலிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் பேச்சுக் குரல். கதவு லேசாகத் தட்டப்பட்டது. ஒரு பெண். ஒடிசல், நரைத்த முடி இறுக்கிய கொண்டை, கையில் பிளாஸ்க். பின்னால் யாழினி, முகம் வெளிறி.

பதினைந்து வருடம் கழித்தும் அந்த முகம். நூறு தடவை பார்த்த முகம்.

"ரீச்சர், உங்களுக்கு வருத்தமாம் எண்டு சொன்னவை" என்றார்.

யார் சொன்னது? எனக்கு வருத்தம் என்று இவருக்கு யார் சொன்னது? எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.  அவர் பாட்டுக்குக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வயித்துக்குத்தோ? வயித்தாலை போகுதோ? மல்லி அவிச்சுக் கொண்டந்தனான். சுடச்சுடக் குடியுங்கோ, சுகமாகும்." இங்கே வருத்தம் என்றால் நோய். இதுவும் தெரியாது எனக்கு.

படத்துக்கு வருகிறவர் முதல் பஸ்ஸைப் பிடித்து நோயாளியைப் பார்க்க வந்திருக்கிறார். பெயர் பரமேஸ்வரி. என் கட்டுரையில் அவருக்குப் பெயரே இல்லை. 'அவள்' என்று எழுதியிருக்கிறேன், பதினோரு பக்கமும்.

மல்லித்தண்ணியைக் குடித்தேன். இஞ்சி, வேர்க்கொம்பு (சுக்குதான்) எல்லாம் போட்டு. கண்ணீர் வந்தது. காரத்தால் என்று நினைத்துக்கொண்டார்.

"படத்தை நான் பாத்திருக்கிறன். நீங்கள் எழுதினதைத்தான் கேக்கேல்லை. இவள் சொல்லமாட்டன் எண்டு நிக்கிறாள். ஏலுமெண்டால் நீங்களே ஒருக்கா வாசியுங்கோவன், ரீச்சர். கூட்டத்திலை கேட்டால் எனக்கு வெக்கமாயும் அந்தரமாயும் கிடக்கும்."

யாழினி கதவோரத்தில் அசையவில்லை. தலைமாட்டில் புத்தகம். வேறு வழியில்லை. ஒன்பதாம் பக்கம். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வாசித்தேன். கடைசியாக நான் அவனோடு பேசிவிட்டேன். விடைபெறக் கிடைத்தவளின் அமைதி. தொப்புள்கொடி. எல்லாம்.

அவர் புருவத்தைச் சுருக்கினார். "அப்பிடி நான் சொல்லேல்லையே."

இதோ, இதுதான். நாலு நாளாகப் பயந்தது இந்த நிமிடத்துக்கு. நாக்கு தானாக ஓடியது, கு. கற்றுக்கொடுத்த பாட்டில்: "தெரியும்மா. நான்… உங்களுக்காகத்தான் மாத்தினேன். உங்க மனசுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும்னு."

"எனக்காகவோ?" என்றார். சத்தம் உயரவில்லை. "ஆரைக் கேட்டு?"

புத்தகத்தை மூடினேன்.

"நான் என்ர வாயாலை, என்ர பிள்ளையைப் பேசினனான். அதுதான் அவன் என்னட்டைக் கடைசியாக் கேட்டது. வேற ஒண்டும் இல்லை என்னட்டை. ஒரு படம்கூட இல்லை அவன்ர. அதையும் எடுத்துப்போட்டு நீங்கள் உங்கட சொல்லை வைச்சால், எனக்கு என்ன கிடக்கு?"

அம்மா, விடுங்கோ என்றாள் யாழினி. அவர் விடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாம்பும் சீருடையும் எல்லாம் சேர்ந்து வந்திருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

சொல்லிவிட்டேன். "பொய்ம்மா. இப்ப சொன்னது பொய். மாத்தல. எனக்குத் தெரியல. எங்க ஊர்ல பேசுறதுன்னா கதைக்கிறது. நான் அப்படித்தான் கேட்டேன். தாள்ல சரியாத்தான் இருந்தது. நான்தான் அடிச்சு எழுதினேன். வயித்துவலியும் பொய். உங்களைப் பார்க்கப் பயந்துக்கிட்டுப் படுத்திருக்கேன்."

 அவர் மகளைத் திரும்பிப் பார்த்து, "விளங்கேல்லையாமடி" என்றார். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்த மாதிரி. என்னிடம்: "விளங்காட்டி அது பரவாயில்லை. கேட்டிருக்கலாம்தானே ரீச்சர். பதினைஞ்சு வரியமா நான் உந்தத் தர்மபுரத்திலைதான் இருக்கிறன்."

கேட்டிருக்கலாம். நாற்பது வருடமாகக் கேட்பதையே தொழிலாக வைத்திருப்பவளுக்கு அது தோன்றவில்லை.

"உதென்ன தொப்புள்கொடி?" என்றார் அப்புறம். பிள்ளை பெறாத நான் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். விளக்கினேன். திக்கித் திக்கி.

"அது வாளிக் கயிறு" என்றார்.

சொன்னார். முள்ளிவாய்க்காலுக்குப் போகிற வழியில் மணலில் தோண்டிய ஒரு கிணறு. மூன்று பேரும் அங்கே தண்ணீர் குடித்தார்கள். மகன் ரூபன் கயிற்றையும், வாளி நிறையத் தண்ணீரையும் எடுத்து வரவேண்டும், தாய் குழந்தையைத் தூக்கி வரவேண்டும். கொஞ்ச தூரம் நடந்து மர நிழலில் உட்கார்ந்தபோது பார்த்தால், அவன் தோளில் கயிறு மட்டும். வாளியைக் கிணற்றோரத்தில் வைத்துவிட்டு மறந்து வந்துவிட்டான். பேசினார். போனான்.

"அவன் வாளியோட வந்தால் கட்டவேணும் எண்டுதான் அந்தக் கயிறை வச்சிருந்தனான்" என்றார்.

யாழினி உள்ளே வந்து தாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் படத்தில் இருந்த அதே பக்கம்.

மணி பதினொன்று நாற்பது. சேகரனைக் கூப்பிட்டேன், அவர்கள் முன்னாலேயே.

"மெஷினை நிறுத்து. முதல் கட்டுரையில 'அவனோடு' தப்பு, 'அவனை'தான் சரி."

"ப்ளேட் போட்டாச்சு மேடம். ஒரு எழுத்து தானே, பின்னால பிழைதிருத்தம்னு ஒரு சீட்டு ஒட்டிடலாம்."

"கட்டுரையே தப்பு சேகர். முழுக்க."

"சரி, அந்த இடத்துல என்ன போடுறது? பதினோரு பக்கம் மேடம்!"

"தெரியாது. நிறுத்து" என்று வைத்துவிட்டேன்.   திங்கட்கிழமை எப்படி முழிப்பேன் என்று தெரியவில்லை. கு.விடம் வேறு சொல்ல வேண்டும்.

பரமேஸ்வரி அம்மா பிளாஸ்கை மூடினார். போகப் போகிறார் என்று நினைத்தேன். இந்த நோட்டைக் காட்டினார். "உதிலை எழுதுங்கோ ரீச்சர். நான் என்ன பேசினனான் எண்டு சொல்லுறன். படம் எடுத்த பெடியனும் கேக்கேல்லை, ஒருத்தரும் கேக்கேல்லை. ஒரு சொல்லும் மாத்தக் கூடாது."

எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல. இரண்டு இடத்தில் நிறுத்தித் திருத்தினார். நான் 'கயிற்றை' என்று எழுதியிருந்தேன். "கயிறை எண்டு போடுங்கோ. நான் அப்பிடித்தான் சொன்னனான்."

"இப்ப வாசியுங்கோ."

வாசித்தேன்.

"உதென்ன, நியூஸ் வாசிக்கிற மாதிரி? அப்பிடியில்லை." நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேசுங்கோ."

பயமாக இருந்தது. எழுந்து நின்றேன். பேசினேன். சமையல்கட்டிலிருந்து தவமணி அக்கா ஓடிவருகிற அளவுக்கு:

"எருமை மாடு! கயிறைத் தூக்கிக்கொண்டு வந்து நிக்கிறாய், வாளி எங்கையடா? தங்கச்சி தண்ணி தண்ணியெண்டு கத்துறாள், கயிறையோ அவளுக்குக் குடிக்கக் குடுக்கிறது? பதினேழு வயசு. மீசை முளைக்குது, மூளை முளைக்கேல்லை. என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? போ. கெதியாப் போய் எடுத்துக்கொண்டு வா. வாளி இல்லாமல் என்ர முகத்தில முழியாதை."